தனிமையில் தளராமை



கேரள மாநிலத்தில் ஆனைக்கரை என்னும் பெயருடைய ஊர்கள் இரண்டு உண்டு. ஒன்று பாலக்காட்டு மாவட்டத்தின் மேற்குக் கோடியில், பாரதப்புழையை அடுத்து இருப்பது. அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்த அம்மு சுவாமிநாதனும், நேதாஜியின் படையில் பெண்கள் பிரிவுக்குத் தலைமை தாங்கிய அவர்தம் மகள் கேப்டன் லட்சுமியும் அவ்வூர் வடக்கத்து இல்லத்தின் வழிவந்தவர்கள். மற்றொன்று இடுக்கி மாவட்டத்து ஏலமலையில், வண்டன்மேட்டுக்கும் குமுளிக்கும் அண்மையில் இருப்பது. நாம் பிறந்து வளர்ந்தது இந்த இரண்டாம் ஆனைக்கரையில். நம் தந்தையார் கம்பத்திலிருந்து மலையேறி, ஏலத் தோட்டமொன்றில் கணக்குப்பிள்ளையாக அமர்ந்தவர். அவர் மறைந்தபின் அன்னையார் அங்கேயே ஒரு சிறு வீட்டில் தனித்து வாழ்ந்து வருகிறார். தமக்கையார் மலைக்குக் கீழே கம்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். நாமோ மத்திய அரசின் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளராகத் தில்லியில் இருக்கிறோம்.

வீட்டுக் கதையுடன் பேச்சைத் தொடங்குவதற்கு நேயர்கள் பொறுத்தருள வேண்டும். பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களுள் பெரும்பாலோருக்கு இக்கதை சொந்தக் கதையே. ஊரில் முதியவர் ஒருவர், அயலூரில் பிள்ளைகள், இடையே பல நூறு கல் தொலைவு. இயல்பான நாட்களில் இத்தொலைவு நமக்குத் தோன்றுவதில்லை. இரயிலும் பேருந்தும் ஓடுகின்றன, தீபாவளிக்குப் போகலாம், பொங்கலுக்குப் போகலாம் என்ற நினைவே தொலைவைச் சுருக்கி வைத்திருக்கிறது. இவையெல்லாம் ஒரே நாளில் நின்றுபோகுமாயின் என்ன ஆகும் என்பதை 2020-ஆம் ஆண்டு நமக்குக் காட்டிற்று.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் நாடு முழுவதும் பொது முடக்கம் நடைமுறைக்கு வந்தது. முதலில் 21 நாட்கள் என்றார்கள்; பின்னர் அது நீண்டுகொண்டே போயிற்று. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று மலைவழிகளிலும் தடுப்புகள் எழுந்தன. நாள்தோறும் விடியற்காலையில் தேனி மாவட்டத்திலிருந்து ஜீப்புகளில் ஏறி வந்து, ஏலக்காட்டில் வேலை செய்து, மாலையில் இறங்கிச் செல்லும் ஆயிரக்கணக்கான பெண்களின் போக்குவரவு அடியோடு நின்றது. ஜீப்பில் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த தமக்கையாருக்கும் அன்னையாருக்கும் இடையே இரண்டு மாநிலங்களின் எல்லை, ஒரு பெருஞ்சுவர் போல வந்து நின்றது. ஞாயிறுதோறும் தாயைக் கண்டு வந்த அவர், அந்நாளில் தில்லியில் இருந்த நம்மைப் போலவே தொலைவில் உள்ளவர் ஆகிவிட்டார்.

அந்த மார்ச்சு மாதக் கடைசியில், பேருந்து இல்லாமையால் ஏலத் தோட்டங்களிலிருந்து போடிப் பக்கமாகக் காட்டுவழியே நடந்து இறங்கிய தொழிலாளர் சிலர் காட்டுத்தீயில் அகப்பட்டு உயிர் நீத்தனர். ஒரு குழந்தையும் அவர்களுள் அடங்கும். வீடு சேர வேண்டும் என்னும் வேட்கை எத்துணை வலிது என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டியதில்லை. ஆகவே, தனிமை என்பது மனத்தளவில் எழும் ஒரு சிறு வருத்தம், நாளடைவில் தானே ஆறிவிடும் என்று எவரும் எளிதாக எண்ணிவிடலாகாது.

அந்நாட்களில் நமக்கு வாய்த்த அலுவலகப் பணி நோய்த்தடுப்பு அறிவிப்புகளைத் தமிழாக்குவது. அலுவலகம் செல்லாமல் வீட்டிலிருந்தே அப்பணியைச் செய்தோம். ஒருவருக்கொருவர் ஆறடி விலகி நிற்க வேண்டும் என்பதை எல்லோரும் ‘சமூக இடைவெளி’ என்று எழுதினார்கள். நாமும் அவ்வாறே எழுதினோம். அச்சொல் எவ்வளவு பிழையானது என்பது சில வாரங்களுக்குப் பின்னரே நமக்கு உறைத்தது. விலக வேண்டியவை உடல்களே. சமூகம் விலகவேண்டும் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தாரும் அந்த மார்ச்சு மாதத்திலேயே, உடலளவிலான இடைவெளி என்று சொல்வதே பொருத்தம் என அறிவித்தார்கள். ஆனால் நம்முடைய சொல் அதற்குள் சுவரொட்டிகளிலும் கடை வாயில்களிலும் ஏறிவிட்டது. மொழிபெயர்ப்பில் நேரும் பிழை ஏட்டோடு நிற்பதில்லை. மனிதர் நடத்தையிலும் ஏறிவிடுகிறது. நோயுற்ற வீட்டைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்வதும், மருத்துவமனையிலிருந்து நலமுற்று மீண்ட செவிலியரைத் தெருவுக்குள் விடாமல் தடுப்பதும் அந்நாட்களில் பல இடங்களில் நிகழ்ந்தன. ‘சமூக இடைவெளி’ என்ற சொல்லை அம்மக்கள் எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடித்தார்கள் போலும்!

இனி, நம் சொந்தப் பிழை ஒன்றைச் சொல்லவேண்டும்.

முடக்கம் தொடங்கிய நாள் முதல், தவறாமல் நாள்தோறும் மாலையில் அன்னையாருடன் தொலைபேசியில் பேசினோம். ‘சாப்பிட்டீர்களா? இரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டீர்களா? வெளியே போகவில்லையே?’ இந்த மூன்று கேள்விகளே நம் உரையாடல். ‘சாப்பிட்டேன், போட்டேன், போகவில்லை’ என்பதே மறுமொழி. இரண்டு நிமிடத்தில் பேச்சு முடியும். கடமை முடிந்தது என்ற நிறைவோடு தொலைபேசியை வைத்துவிடுவோம். மூன்றாம் வாரம் முடிகையில், பக்கத்து வீட்டு மலையாள அம்மையார் ஒருவர் நம்மை அழைத்தார். அன்னையார் முற்றத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கி எட்டு நாட்கள் ஆகின்றன என்றும், தாமே கட்டுப்போட்டுவிட்டு வருவதாகவும் அவர் தெரிவித்தார். அந்த எட்டு நாட்களும் நாம் அன்னையாரிடம் பேசிக்கொண்டுதான் இருந்தோம்!

உடனே அழைத்து, ஏன் சொல்லவில்லை என்று சற்றுக் கடிந்தே கேட்டோம். அவர் அமைதியாகச் சொன்னார்: “நீ என்னப்பா, கணக்கெடுக்க வருகிறவரைப் போல மூன்று கேள்வி கேட்கிறாய். அந்த மூன்றுக்கும் நான் சரியாகத்தானே பதில் சொன்னேன்!”

நேயர்களே, இச்சொல் நம் நெஞ்சில் தைத்தது. தொடர்பு இருந்தது, ஆனால் உறவாடல் இல்லை. குரல் வந்தது, செய்தி வரவில்லை. தனித்திருப்பவரை நாள்தோறும் அழைப்பது நன்றே. ஆயினும் எதைப் பேசுகிறோம் என்பது அதனினும் முதன்மையானது. ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகள் தனிமையைத் துடைப்பதில்லை. தாம் ஒரு பாரம், தம்மைப் பிறர் மேற்பார்வை செய்கிறார்கள் என்ற எண்ணத்தையே முதியவர்களிடம் வளர்க்கின்றன.

மறுநாள் நாம் வழியை மாற்றிக்கொண்டோம். அவரிடம் நலம் உசாவுவதை விட்டு, உதவி கேட்டோம். “அம்மா, எனக்கு ஒரு சொல் வேண்டும். நோய் கண்டவரைத் தனியே இருக்கச் செய்வதற்கு அந்தக் காலத்தில் என்ன சொல்வார்கள்? அம்மை போட்ட வீட்டை என்ன செய்வார்கள்?” என்றோம். நாடு பெரியம்மையிலிருந்து விடுபட்டு நெடுங்காலம் ஆகிறது. 1975-இல் இந்தியாவில் கடைசி நோயாளி காணப்பட்டார். 1980-இல் உலகமே அந்நோயினின்றும் நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அன்னையார் அதனைக் கண்ணால் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர். அன்று அவர் முக்கால் மணி நேரம் பேசினார்.

“வேப்பிலையைக் கண்டால் யாரும் படியேற மாட்டார்கள். ஆனால் வாசல் வரை எல்லாரும் வருவார்கள். ஒரு வீட்டிலிருந்து மோர் வரும். ஒரு வீட்டிலிருந்து இளநீர் வரும். திண்ணையில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். உள்ளே இருப்பவருக்குக் குரலைக் கேட்டே யார் என்று தெரியும்” என்றார்.

வாசல் வரை வருதல்! பல நாட்களாக நாம் அகராதிகளில் தேடிக்கொண்டிருந்த பொருள் இதுதான். அரசு அறிவிப்பில் இதனைச் சொல்லாக வைக்க இயலாது. எனினும், தொற்றுநோய்க் காலத்து ஒழுக்கம் முழுவதும் இதில் அடங்கியிருப்பதைக் கண்டோம். படியேறாமை நோய்க்கு அணை. வாசலை மறவாமை மனிதர்க்குத் துணை. இரண்டையும் ஒருங்கே கடைப்பிடிக்க நம் கிராமத்துப் பெண்கள் எவரிடமும் பாடம் கேட்கவில்லை.

அன்று பேசியதன் பயன் அத்துடன் நிற்கவில்லை. சில நாட்களில், வெளியூரிலிருந்து திரும்பிய குடும்பம் ஒன்று அண்டை வீட்டில் இரு வாரம் தனித்திருக்க நேர்ந்தது. அன்னையார், காயம்பட்ட கையோடு, நாள்தோறும் ஒரு செம்பு மோரை அவர்கள் மதிற்சுவரின்மேல் வைத்துக் குரல் கொடுத்து வந்தார். அவருடைய மாலைப் பேச்சில் அதன் பிறகு தளர்ச்சி இல்லை. ‘இன்று அந்தச் சின்னப் பெண் ஜன்னலில் நின்று பாட்டுப் பாடிக் காட்டியது’ என்பார். ‘நாளைக்குக் கப்பைக்கிழங்கு அவித்துத் தரவேண்டும்’ என்பார். தனித்திருப்பவருக்கு நாம் தரக்கூடிய பேருதவி, அவர் பிறருக்கு ஏதேனும் தர வழிசெய்வதே என்பதை நாம் அறிந்துகொண்டோம். பெறுவதால் மட்டும் எவருடைய தனிமையும் தீர்ந்ததில்லை. தம்மால் ஒருவருக்குப் பயன் உண்டு என்ற உணர்வே மனத்தை நிமிர்த்துகிறது.

இதே இடுக்கி மாவட்டத்தில், தனித்திருத்தலை ஒரு சமுதாயமே விரும்பி ஏற்று நடத்திய வரலாறும் உண்டு. தேவிகுளம் வட்டத்தின் அடர்ந்த காட்டினுள் இருக்கிறது இடமலைக்குடி. 2010-இல் அமைந்த இது, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. இங்கு வாழும் முதுவர்கள், தம் முன்னோர் மதுரையிலிருந்து குழந்தைகளை முதுகில் சுமந்துகொண்டு மலையேறியதாகக் கூறும் மரபினர். அவர்களுடைய பேச்சிலும் தமிழ் ஒலிக்கும். கொரோனாச் செய்தி எட்டியதும் அவர்கள் ஊர்க்கூட்டம் கூடி, வெளியார் உள்ளே வரலாகாது என முடிவு செய்தார்கள். பண்டங்கள் வாங்க மூணாறு சென்று மீண்டவர் சில நாட்கள் தனியே தங்கிய பின்னரே குடிக்குள் சேர்க்கப்பட்டார். இதனால் நாடெங்கும் நோய் பரவிய முதல் அலையிலும், அதனினும் கொடிய இரண்டாம் அலையிலும் அவ்வூரில் ஒருவருக்கும் நோய் காணவில்லை. 2021 ஜூலையில்தான் முதன்முதலாக அங்கே தொற்று அறியப்பட்டது.

இதில் நாம் கருதவேண்டியது ஒன்று உண்டு. அம்மக்கள் உலகினின்றும் விலகினார்கள். ஆனால் ஒருவரையொருவர் விலக்கவில்லை. வெளியே சென்று வந்தவர் தனித்திருந்தது, குடியிலுள்ள அனைவருக்குமாகத் தாம் ஏற்ற ஒரு பணியாக இருந்தது, தண்டனையாக இல்லை. அவருக்கு உணவு வந்தது, மதிப்பும் இருந்தது. பொருள் தெரிந்து ஏற்கும் தனிமை நோன்பு போன்றது. பொருள் விளங்காமல் தலையில் விழும் தனிமை சிறை போன்றது. இரண்டிலும் கதவு மூடியே இருக்கிறது. வேறுபாடெல்லாம் உள்ளே இருப்பவர் அதனை யாருக்காகச் செய்கிறோம் என்று அறிந்திருப்பதில் உள்ளது.

இடமலைக்குடியைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்லத் தகும். காட்டு நடுவே, மண் குடிசையில் தேநீர்க் கடை வைத்திருந்த முதியவர் ஒருவர், அக்கடையிலேயே சிறியதொரு நூலகமும் நடத்தி வந்தார். செய்தியாளர் பி. சாய்நாத் 2014-இல் இதனை எழுதி உலகறியச் செய்தார். இருந்த நூல்கள் 160. யார் எந்த நூலை எடுத்தார் என்று பதிவேடும் இருந்தது. அந்நூல்களுள் சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் ஒன்று. படிப்போர் விரும்பி எடுத்துச் சென்ற நூல்களில் அதுவும் உண்டு. மதுரையை விட்டு மலையேறியவர்களின் வழிவந்தோர், மதுரை எரிந்த கதையை, வேறொரு மொழியில், யானைகள் உலவும் காட்டில் அமர்ந்து படிக்கிறார்கள்! ஒரு மொழிபெயர்ப்பாளனுக்கு இதனினும் இனிய செய்தி இல்லை. தொலைவு எவ்வளவு மிகுந்தாலும், ஒரு நூலும் அதனைப் பற்றிப் பேச இன்னொருவரும் இருந்தால், மனம் தனித்துப் போவதில்லை.

எனினும், மன உறுதி ஒன்றே போதும், மற்றவை வேண்டா என்று நாம் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொன்னால் அது வெறும் உபதேசமாகிவிடும். 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் குடியிருந்த லயங்களின்மேல் விழுந்தது. எழுபது பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழர்கள், கயத்தாறு வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்தமையால், மறுநாட் காலையில்தான் வெளியுலகம் செய்தியை அறிந்தது. வழியில் பெரியவரையில் தற்காலிகப் பாலமும் வெள்ளத்தில் போயிருந்தபடியால், மீட்புப் படையினர் சென்று சேர்வதும் தாமதமாயிற்று. அன்றைய இரவில் ஒரே ஒரு தொலைபேசி மணி ஒலித்திருக்கக் கூடுமாயின் என்று எண்ணாத தமிழர் அம்மலையில் இல்லை. தொடர்பு என்பது பொழுதுபோக்கு அன்று. குடிநீரும் சாலையும் போல் அது உயிர்காக்கும் வசதி. மலையிலும் காட்டிலும் வாழ்வோர்க்கு அதனை அமைத்துத் தருவது அரசுக்கும் நிறுவனங்களுக்கும் உரிய கடமை. உறவினர் அன்பு அக்கடமைக்கு மாற்று ஆகாது.

அம்மலைக்குத் துண்டிக்கப்படுதல் புதிதன்று. 1924 ஜூலையில் பெய்த பெருமழையில் மூணாற்றின் சிறு இரயில் பாதை முழுவதும் அழிந்தது. மலையாள ஆண்டு 1099 ஆதலால் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்றே முதியோர் அதனைக் குறிப்பார்கள். அப்பாதை பின்னர் அமைக்கப்படவே இல்லை. 2018 ஆகஸ்டு வெள்ளத்திலும் மூணாறு பல நாட்கள் தனித்து நின்றது. ஒவ்வொரு முறையும் அங்குள்ள மக்களைத் தாங்கியது அடுத்த வீட்டார் உதவி; வானொலி வந்தபின் காற்றில் வந்த குரலும் அதனுடன் சேர்ந்துகொண்டது. முன்பு திருச்சியும் இலங்கையும் அக்குரலைத் தந்தன. பின்னர்க் கொடைக்கானலும் தேவிகுளமும் தந்தன.

வானொலி என்றதும் ஒரு நினைவு. நம் இளமையில் ஆனைக்கரை வீட்டில் காலைச் செய்தி ஒலிக்கும்போது எல்லோரும் வாய்மூடி இருக்கவேண்டும் என்பது தந்தையார் கட்டளை. தில்லியிலிருந்து திருமதி சரோஜ் நாராயணசுவாமி அவர்களின் கணீரென்ற குரல் ஏலக்காட்டு மூடுபனிக்குள் வந்து சேரும். 2022 ஆகஸ்டில் அவர் மறைந்த செய்தி கேட்டபோது, தம் வீட்டார் ஒருவரை இழந்தாற் போல் வருந்திய தமிழர் பலர். அவரை நேரில் கண்டவர் சிலரே; ஆயினும் அவர் குரல் இல்லாத காலை பலருக்கு விடிந்ததாகவே தோன்றியதில்லை. பொது முடக்கக் காலத்தில் அன்னையாரும் நாமும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். காலை ஏழேகால் மணிச் செய்தியை அவர் ஆனைக்கரையிலும் நாம் தில்லியிலும் ஒரே வேளையில் கேட்பது. முடிந்ததும் அதனைப் பற்றிப் பேசுவது. அதுவரை நலம் உசாவுதல் ஒன்றே பேசிய எங்களுக்கு, உலகம் முழுவதும் பேசுபொருளாயிற்று. அவர் சில செய்திகளில் நம்மைத் திருத்தவும் செய்தார்.

அக்காலத்தில் நாம் எழுதிய கடிதம் ஒன்றின் கதையும் கேளுங்கள். அஞ்சல் குறியீட்டெண்ணை மறந்து, ‘ஆனைக்கரை, கேரளம்’ என்று மட்டும் முகவரி எழுதிவிட்டோம். முழுப் பிழையும் நம்முடையதே. கடிதம் பாலக்காட்டு ஆனைக்கரைக்குப் போய்விட்டது. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழித்து அது அன்னையார் கைக்கு வந்தபோது, உறையின்மேல் யாரோ ஒருவர் மலையாளத்தில், இப்பெயருடையவர் இங்கில்லை, இடுக்கியில் பார்க்கவும் என்று எழுதியிருந்தார். இரயில்கள் நின்று, ஆட்கள் குறைந்திருந்த அந்நாளில், முன்பின் அறியாத ஒருவர் அக்கடிதத்தைத் தூக்கி எறியாமல், உரியவர் எங்கே இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்து, எழுதுகோல் எடுத்து எழுதியிருக்கிறார். அன்னையார் நம் கடிதத்தைப் படித்து மடித்து வைத்துவிட்டார். அந்த உறையைத்தான் வருவோர்க்கெல்லாம் காட்டுகிறார்.

நேயர்களே, கொரோனாக் காலம் கடந்துவிட்டது. தனிமை கடந்துவிடவில்லை. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பிரிட்டன் 2018-இலும் ஜப்பான் 2021-இலும் இதற்கென அமைச்சர்களையே நியமித்தன. வேற்று மாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு இந்நோய் இரட்டிப்பு நெருக்கத்தில் உள்ளது. ஊரில் இருப்பவர் நம்மை எண்ணித் தனித்திருக்கிறார். நாம் இங்கே மொழி வேறான தெருவில் தனித்திருக்கிறோம்.

ஆகவே, நம் அனுபவத்தில் பயன் தந்த சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, நேரம் குறித்துக்கொள்ளுதல். எப்போதாவது ஒரு மணி நேரம் பேசுவதினும், நாள்தோறும் குறித்த வேளையில் பத்து நிமிடம் பேசுவது நன்று. அவ்வேளை வரும் என்ற எதிர்பார்ப்பே முழு நாளையும் ஒளியுறச் செய்யும். இரண்டாவது, நலம் கேட்பதோடு நில்லாமல் ஒன்றைக் கேட்டுப் பெறுதல்: ஒரு குழம்பின் பக்குவம், ஓர் உறவு முறை, ஒரு பழைய நிகழ்ச்சி, ஒரு சொல். தாம் வேண்டப்படுகிறோம் என்று அவர்கள் அறியட்டும். மூன்றாவது, ஊரில் இருப்பவரின் அண்டை வீட்டார் ஒருவருடனேனும் நாம் தொடர்பு வைத்திருத்தல். அந்த மலையாள அம்மையாரிடம் நம் தொலைபேசி எண் இல்லாதிருந்தால், மணிக்கட்டுச் செய்தி நமக்கு வந்தே இராது.

நான்காவது, நாம் வாழும் தெருவை நம் தெருவாகக் கொள்ளுதல். தில்லித் தமிழ்ச் சங்கம் 1946 முதல் நடைபெறுகிறது. அதுபோன்ற சங்கங்கள் பல நகரங்களில் உள்ளன. அவற்றிற் சேர்வது நன்றே. ஆனால் இரவு பதினொரு மணிக்கு மார்வலி வந்தால் ஓடி வருபவர் எதிர்வீட்டுக்காரர். அவர் மொழியில் பத்துச் சொற்களேனும் கற்று, அவர் வாசல் வரையேனும் நாம் செல்லவேண்டும். கேரள அரசு, வெளி மாநிலத் தொழிலாளரை ‘அதிதித் தொழிலாளி’, அதாவது விருந்தினர், என்று குறிப்பிடுகிறது. சொல் நல்ல சொல்லே. அச்சொல்லுக்கு ஏற்ற நடத்தையும் சேரும்போது அது நிறைவு பெறும். அச்சொல்லை நாம் இருக்கும் மாநிலத்தாரிடம் எதிர்பார்ப்பதோடு, நம் தமிழகத்துக்கு வேலை தேடி வருவோரிடத்தும் நாம் வழங்கவேண்டும்.

ஐந்தாவது, துயரம் எல்லை மீறினால் மறைக்காமல் உதவி நாடுதல். மனநல ஆலோசனைக்கென மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். முதியோருக்கு 14567 என்ற உதவி எண் உண்டு. உடல் நோய்க்கு மருத்துவரை நாடுவதில் இழிவில்லை. மன வாட்டத்துக்கு நாடுவதிலும் இல்லை.

எல்லைகள் திறந்து, இரு மாநில அனுமதிச் சீட்டுகளின் தொல்லையும் தீர்ந்தபின், தமக்கையார் மலையேறி அன்னையாரைக் கண்டார். ஏழு மாதங்களுக்குப் பிந்திய சந்திப்பு. பழைய பழக்கத்தில், முகக்கவசத்துடன் வாசலிலேயே நின்று குரல் கொடுத்தாராம். உள்ளே இருந்து அன்னையார், “குரல் தெரிகிறது, இனிமேல் படியேறலாம், வா” என்றாராம்.

நேயர்களே, படியேற இயலாத நாட்கள் எவர் வாழ்விலும் வரும். அந்நாட்களில் வாசல் வரையேனும் சென்று குரல் கொடுப்போமாக.